பதில் சொல்ல மட்டும் தெரிந்தவன்

சகாயம்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு, "கரண்ட் போயிடுச்சிடா, சரியா கேக்கல, அப்பறமா பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போனால் போன் பேச முடியாதா என்று ஜெனி உன்னைக் கேட்டுச் சிரித்திருப்பாள். நீ கேட்டது ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால் வைத்தேன். எனக்குப் பேச்சைவிட எழுத்து பரவாயில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய தமிழ் கொஞ்சம் கையில் இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதை முதலில் திருப்பி எழுதிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். பாப்பாவுக்கு ஈஸ்டருக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று ஜெனி ஆசைப்படுகிறாள். அவள் வீட்டிலும் கேட்கிறார்கள். உனக்கு மனசு இல்லை. "அம்மா வாழ்நாள் பூரா ஜெபம் பண்ணா. அவளுக்கு இன்னா கெடச்சிது?" என்றாய். அதற்குப் பிறகுதான் அதைச் சொன்னாய். "எல்லாரும் பூசி மொழுவறாங்க. நீ ஒருத்தன்தாம்பா உண்மைய சொல்லுவ. நீ இன்னும் நம்புறியா? ஆமான்னா சொல்லு, கொடுத்துடறேன். இல்லன்னா வுட்டுடலாம்." நீ பெற்ற பிள்ளையின் ஞானஸ்நானத்தை ஓசூரிலிருந்து தூக்கி இங்கே என் கழுத்தில் மாட்டிவிட்டாய். கெட்டிக்காரன்தான்.

உன் அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை, சகாயம். துக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துக்கம் என்றால் வலிக்க வேண்டுமே. எனக்கு வலிக்கவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டுவிட்டு உட்காரச் சொல்வார்களே, கன்னத்தைத் தொட்டால் யார் கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் முழு ஆளும் இருந்தேன். ஒரு நாள் எதிர்வீட்டுத் தனம் சித்தி ஏதோ கேட்க வாசலுக்கு வந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக அடுப்படிக்குள் போனாள். சாம்பார் ஊசிப்போயிருந்தது. நான் அதைத்தான் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்திருந்தேன். "மாமா, இத்த எப்படி துன்னீங்க?" என்று அவள் கேட்டபோது நியாயமான கேள்வி என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

அடக்கப் பூசையன்று பிரசங்கத்தில், கடவுளுக்குப் பிடித்தவர்களை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார் என்று சாமியார் சொன்னபோது நீ எழுந்து வெளியே போனாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பீடத்துக்குப் பக்கத்து ஃபேன் ஆடி ஆடிச் சுற்றியது. அதில் புஷ் தேய்ந்திருக்கிறது, மாற்றாவிட்டால் ஒரு நாள் கழன்று விழும் என்று நினைத்தேன். திருபுவனைக் கம்பெனியில் அத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்குப் பெண்டாட்டி பெட்டிக்குள் கிடக்கும்போதும் அதுதான் கண்ணில் பட்டது. உனக்குக் கடவுள்மேல் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட எதிரில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? எனக்கு எதிரில் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. இப்போது சொல்கிறேன், அன்றைக்கு நம் இரண்டு பேரில் கடவுளுக்குப் பக்கத்தில் நின்றவன் நீதான்.

நம் வீட்டில் செபமாலை எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. விளக்கு வைத்ததும் அம்மா சந்துப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே உட்காருவாள், காற்று வரும் என்று. நான் வாசல் ஓரம். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் "அருள் நிறைந்த மரியாயே" என்று அவள்தான் ஆரம்பிப்பாள். புதுப் புத்தகத்தில் 'மரியே' என்று மாற்றிப் பல காலம் ஆகியும் அவளுக்கு அந்தப் பழைய 'மரியாயே'தான், அதுவும் நன்றாக இழுத்து. அவள் பாதி சொல்லி நிறுத்துவாள். மீதிப் பாதியை, "தூய மரியே" என்று நான் எடுத்து முடிப்பேன். நீ டிவியில் கிரிக்கெட் பார்க்கிற அவசரத்தில் பதிலை ரயில் மாதிரி ஓட்டுவாய். அவள் உன்னைக் கடுப்பேற்றுவதற்கென்றே அடுத்ததை இன்னும் மெதுவாக ஆரம்பிப்பாள். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் முதல் பாதியைச் சொன்னதில்லை. அவளும் இரண்டாம் பாதியைச் சொன்னதில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே அமைந்துவிட்டது.

அவள் நன்றி சொல்வது இருக்கிறதே, அது எனக்கு எரிச்சலாகவே இருக்கும். மழை வந்தால் ஸ்தோத்திரம், நின்றால் ஸ்தோத்திரம். ஒரு நாள் இட்லித் தட்டைத் திறந்துவிட்டு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். "இட்லி நல்லா வந்ததுக்குக் கூடவாடி?" என்று கேட்டேன். "கல்லு மாதிரி வந்தா நீங்க என்னைத் திட்டறீங்க இல்ல? நல்லா வந்தா யாருக்குனா ஒரு தேங்க்ஸ் சொல்ல வேணாமா?" என்றாள். அவளுக்கு அது பக்தி இல்லை, மரியாதை. வாங்கிக்கொண்டு பேசாமல் போவது அவளுக்குப் பழக்கமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த வாரங்களில் நீ வந்து வந்து போனாய். நான் கூடவே இருந்தேன். அங்கேயும் சாயந்திரம் ஆனால் ஆரம்பித்துவிடுவாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று முணுமுணுப்பாள், நானும் முணுமுணுப்பேன். கடைசியில் அவளுக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசையும், நிற்கும். நின்றதும் நான் என் பாதியைச் சொல்லுவேன். ஒரு சாயந்திரம் உதடும் அசையவில்லை. நான் அசையும் அசையும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, பழக்கத்தில், விளக்கு வைத்துவிட்டு வாசல் ஓரம் உட்கார்ந்தேன். மாலை கையில் இருந்தது. வாய் திறந்தது. பதில் சொல்லத்தான் திறந்தது. பதில் சொல்ல எதுவும் வரவில்லை. சரி, நாமே ஆரம்பிக்கலாம் என்று முதல் பாதியைச் சொல்லிப் பார்த்தேன். யாரோ ரேஷன் கடையில் அட்டை நம்பர் படிப்பதுபோல் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அதன் பிறகு மாலையை எடுக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போனேன், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதற்காக.

இப்படி இருக்கும்போது அக்டோபர் வந்தது. செபமாலை மாதம் நம்மூரில் மாதா வீடு வீடாக வருவது உனக்குத் தெரியும். சின்ன வயதில் எந்த வீட்டுக்கு மாதா வந்தாலும் சுண்டல் முடிகிற வரைக்கும் நீ அந்த வீட்டை விட்டு நகரமாட்டாய். ஒரு நாள் சாயந்திரம் சுரூபத்தைத் தூக்கி வருவார்கள், கூடியிருந்து செபமாலை சொல்வார்கள், மாதா அன்றைக்கு அங்கே தங்குவாள், மறுநாள் சாயந்திரம் அடுத்த வீடு. இந்த முறை மாசம் பிறப்பதற்கு முன்பே நம் தெரு அன்பியக் குழுவை நடத்துகிற செல்வி அத்தை வந்து பக்குவமாகச் சொன்னாள். "அண்ணே, இந்த வருசம் உங்க வூட்ட வுட்டுட்டு அடுத்த வூட்டுக்குப் போயிடறோம். தீட்டு கீட்டுன்னு இல்ல, தப்பா நெனைக்காதீங்க. ஒண்டியா கீறீங்க, சுண்டல் வேற போடணும், எதுக்கு செரமம்?" நான் சரி என்றேன். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

மாதா நம் வீட்டைத் தாண்டிப் போக வேண்டிய சாயந்திரம் வந்தது. காலையிலிருந்தே விடாத மழை. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் செல்வி அத்தை, மார்போடு அணைத்துக்கொண்டு மாதா, அவள் தலைக்கு மேலே நாலு பெண்கள் பிடித்த தார்ப்பாய், பின்னால் குடையோடு ஒரு கூட்டம். ஒரு கால் நம் வாசற்படிக்கு உள்ளேயே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயையோ அண்ணே! மழையில தலையக் குனிஞ்சிகினு வந்தேன், வருசா வருசம் வர்ற வழியாச்சா, காலு தானா இங்க வந்துடுச்சி." கூட வந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை பார். அத்தனை கால்களும் சேர்ந்து மறந்திருக்கின்றன. வாசற்படி ஏறிய மாதாவை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நானும் அனுப்பவில்லை. பக்தியால் இல்லை, 'போங்கள்' என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும், அது இல்லை. அம்மாவின் தையல் மெஷின் மேல் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு மாதாவை அங்கே வைத்தார்கள். அவர்கள் செபமாலை சொல்லி முடிக்கும்வரை நான் அடுப்படியில் டீ போடுகிற சாக்கில் நின்றேன்.

மறுநாள் மாதாவைக் கொண்டுபோக யாரும் வரவில்லை. வர முடியவில்லை. ஏரி நிரம்பி, கோடி வழியாக வழிந்து, மேற்குத் தெருவுக்கும் நமக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. செல்வி அத்தை அந்தப் பக்கம், மாதா இந்தப் பக்கம். சந்துக்கு எதிர்வீட்டில், ராமலிங்கம் சித்தப்பா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நாம் வீட்டைத் தூக்கிக் கட்டியபோது நீயும் கட்டு என்று அவரிடம் சொன்னேன், கேட்டால்தானே. இப்போது அவரும் தனம் சித்தியும் அரிசி மூட்டை, ரைஸ் குக்கர், மாரியம்மன் படம், ஒரு கன்றுக்குட்டி எல்லாவற்றோடும் நம் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். குத்தகைக்கு எடுத்த கழனியில் அவர் அப்போதுதான் நடவு முடித்திருந்தார். எல்லாம் தண்ணீருக்கு அடியில். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "போச்சி" என்று ஒரே வார்த்தை சொன்னார். பிறகு உள்ளே திரும்பி, தையல் மெஷின் மேல் இருந்த மாதாவைப் பார்த்து, "நீ இங்க வந்து சொகமா குந்திக்கின. வெளியில மழைய யாரு பாக்கறது?" என்று ஒரு அதட்டல் போட்டார். வீட்டில் மாதங்களுக்குப் பிறகு ஒருவர் கடவுள் காரியத்தில் மனசில் இருந்ததைப் பேசியது அப்போதுதான்.

சாயந்திரம் ஆனதும் நம் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மாதா இருக்கிற வீடு, செபமாலை இல்லாமல் முடியுமா? செல்வி அத்தை இல்லை. யார் ஆரம்பிப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க ஆரம்பிங்கண்ணே, கோயில்ல படிக்கறவரு." நான் மாலையைக் கையில் எடுத்தேன். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும். ஒருத்தி இருமினாள். கன்றுக்குட்டி கத்தியது. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, இவர்கள் எழுந்து போனால் படுக்கலாம் என்று இருந்தது.

அப்போது தனம் சித்தி ஆரம்பித்தாள். அவள் வேலையாக இருந்தாள், அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்றபடியே, "அருள் நிறைந்த மரியாயே" என்றாள். அதே 'மரியாயே'. அதே இழுப்பு. மூச்சு விடுகிற இடம்கூட அம்மா விடுகிற இடம். பாதியில் சரியாக வந்து நின்றாள். நின்றதும் என் வாயிலிருந்து பதில் போய்விட்டது. நான் சொல்லவில்லை சகாயம், அது போய்விட்டது. உன் முட்டியில் டாக்டர் சுத்தியால் தட்டினால் கால் எழும்புமே, அந்த மாதிரி. அவள் அடுத்ததைச் சொன்னாள். நான் அடுத்த பதில். கூட்டமும் சேர்ந்துகொண்டது. அப்படியே கடைசி மணி வரைக்கும் போனோம்.

முடிந்த பிறகு எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவளுக்கு இது எப்படித் தெரியும் என்று ஆச்சரியம். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "ஜன்னல் வழியா தெனம் கேக்குதே. எத்தினி வருசம் கேட்டிருப்பேன். ஆனா எனக்கு அந்தப் பாதி மட்டுந்தான் தெரியும். அக்கா சத்தந்தான் எங்க வூட்டுக்கு வரும். மாமா சத்தம் வராது, அவரு வாய்க்குள்ளியே சொல்லுவாரு." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா போனதுல இருந்து வெளக்கு வக்கிற நேரத்துக்கு எனக்கு காது வெறிச்சோன்னு கீது மாமா. நானும் யார்கிட்ட சொல்றது?" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண் நனையவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வைத்த குழம்பைச் சாப்பிடும்போது, "உப்பு கம்மி" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், நாக்குக்குத் தெரிகிறது. "அடடா, மாமாவுக்கு நாக்கு வந்துடுச்சி! வந்ததும் கொறை சொல்லுது பாரு" என்றாள் தனம். ராமலிங்கம் சித்தப்பா, நடவு முழுகிப்போன மனிதர், சத்தம் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. கன்னம் வலித்தது.

தண்ணீர் வடிந்தது. செல்வி அத்தை வந்து ஆயிரம் மன்னிப்புக் கேட்டு மாதாவைத் தூக்கிப்போனாள். தனமும் சித்தப்பாவும் சேற்றை வழித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அன்று சாயந்திரம் மறுபடியும் நான் ஒண்டி. விளக்கு வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் அவள் குரல் கேட்டது. அவள் வீட்டில் இருந்துகொண்டே ஆரம்பிக்கிறாள். வாய்க்குள் சொன்னால் அவளுக்குக் கேட்காதே என்று, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக நான் சத்தமாகப் பதில் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான் நடக்கிறது. மாரியம்மன் கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கு, "கேட்டுட்டுத்தான் செய்யறேன். அக்காவுக்குன்னா பரவால்லன்னுச்சி" என்றாள். உன் மாமியார் வீட்டில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே, சாமியாரிடம் கேட்பார்கள்.

அம்மா ஏன் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்கள் வந்தால் இப்போது நானும் எழுந்து போய்விடுகிறேன், உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நீ கேட்டாயே, அவளுக்கு என்ன கிடைத்தது என்று. அவளிடம் கேட்டிருந்தால் இட்லியிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் சொல்லியிருப்பாள், நீ நடுவில் தூங்கியிருப்பாய். நான் என்னைப் பற்றித்தான் சொல்ல முடியும். கடவுளின் அன்பு என்று கோயிலில் படிக்கும்போதெல்லாம், அது நெஞ்சுக்குள் ஒரு சூடு மாதிரி வரும், வந்தவனுக்குத்தான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வரவில்லை, ஆகவே எனக்கு இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த மழை நாளிலும் எனக்குள் ஒன்றும் வரவில்லை. ஜன்னல் வழியாக வருஷக்கணக்காக வெளியே போனது ஒன்று, கன்றுக்குட்டியோடு வாசல் வழியாகத் திரும்பி நடந்து வந்தது. நான் கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. என்னிடம் இருந்தது பதில் மட்டும்தான், அதுவே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. அம்மா அத்தனை நம்பிக்கையோடு இருந்ததற்கு இதுதான் காரணமோ என்று நினைக்கிறேன். செபமாலையை ஆரம்பித்தவள் அவள்தான் என்றாலும், உண்மையில் ஆரம்பிக்கிற வேலை தன்னுடையது இல்லை, கடவுளுடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது நானும் ஸ்தோத்திரம் சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் மனசு கூட வருவதில்லை. மனசு வரும்வரை காத்திருந்தால் மரியாதை கெட்டுவிடும் என்று வாயால் சொல்லி வைக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு முந்தாநாள் மூடி வைத்துவிட்டேன். ஆமாவா இல்லையா என்று எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது, எழுதக் கை போகவில்லை. நேற்று தனம் சித்தி மகளின் பிரசவத்துக்கு மடுகரைக்குப் போய்விட்டாள். சாயந்திரம் விளக்கு வைத்தேன். ஜன்னலில் சத்தம் இல்லை, இருக்காது என்று தெரியும். எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது உன் மகள் ஞாபகம் வந்தது. போனில் நீ காட்டினாயே, கையை வாயில் திணித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. "சகாயத்தோட பொண்ணுக்காக" என்று சொல்லிவிட்டு, முதல் பாதியை நானே ஆரம்பித்தேன். அம்மாவின் இடத்தில், ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. எப்படியோ பாதி வரைக்கும் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை. இரண்டும் ஒரே வாயால் சொல்லிப் பழக்கம் இல்லை, நின்றுவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. ராமலிங்கம் சித்தப்பா. நான் விழுங்குகிற எழுத்தையெல்லாம் அப்படியே விழுங்கி, என் வேகத்தில், கடைசி வரைக்கும் சொல்லி முடித்தார். அத்தனை மாதமாக நான் சத்தமாகச் சொன்னது அவர் வீட்டுக்குள்ளும் விழுந்திருக்கிறது. நான் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். "இன்னாண்ணே நிறுத்திட்ட? மேல சொல்லு. ஏழு மணிக்கு நியூசு பாக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், சகாயம். அம்மா போன பிறகு முதல் தடவையாக அழுதேன். அழுதுகொண்டே அடுத்ததை ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு மணி தாண்டிப் போய்விட்டது. அவர் வீட்டில் டிவிச் சத்தம் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். ஆமா. நெஞ்சு பாதிக்கு மேல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, நாளைக்கு முழுசாகவும் மரத்துப்போகலாம், ஆனாலும் ஆமா. ஆனால் என் ஆமாவை வைத்து உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காதே. அது என் பதில், அவளுக்கு உதவாது. நீ கொடுக்காவிட்டாலும் நான் வருவேன், அவளைத் தூக்கி வைத்துக்கொள்வேன், முகம் சுளிக்கமாட்டேன். கொடுத்தால் எனக்குச் சந்தோஷம், அதையும் மறைக்கவில்லை. கைக்குழந்தைக்காகப் பெற்றவர்கள்தான் அன்றைக்கு வாய் திறக்க வேண்டும். நம்பிக்கை முழுசாக வந்த பிறகு திறக்கிறேன் என்று நீ உட்கார்ந்திருந்தால், என் வயசு வரைக்கும் உட்கார்ந்திருப்பாய். கோபம் இருந்தால் கோபத்தோடேயே போய் நில். அவள் ஒரு நாள் பதில் சொல்வாளா, மாட்டாளா, சொன்னால் யார் வீட்டு ஜன்னலில் இருந்து சொல்வாள் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ ஆரம்பித்து வைடா.

அப்பா